ஒரு சொட்டு

வீரபாண்டிப் பிரிவில் சாயப்பட்டறை.
கலர் லேபில் தராசு என் பொறுப்பு.
மில்லிகிராம் பிசகினால்
ஆயிரம் பனியன் வேறு நீலமாகிவிடும்.
மூச்சை அடக்கித்தான் அளப்பேன்.

தராசு மேசைக்குப் பின்சுவரில்
சுவிட்ச் போர்டிலிருந்து ஜன்னல் மூலைவரை
கட்டெறும்புகள் ஒரு கோடு.
இரண்டு வருசமாக எங்களுக்குள் தகராறில்லை.
டீக்கு வாங்கிய வர்க்கி உதிர்ந்தால் அவற்றுக்கு,
உதிராதது எனக்கு.

கரண்ட் போன ஒரு மத்தியானம், வேலையில்லாமல்
கோட்டின் குறுக்கே கட்டைவிரலால் தேய்த்தேன்.
விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.
ஆனாலும் அந்த விரலகலத்தில்
சுவர் முடிந்துபோனது அவற்றுக்கு.
இந்தப் பக்கம் ஒரு கும்பல், அந்தப் பக்கம் ஒரு கும்பல்,
நொய்யலில் தண்ணி வந்த அன்று
தரைப்பாலத்தில் நின்றோமே, அப்படி.
ஒன்று மட்டும் இறங்கியது.
வயிற்று நுனியைச் சுவரில்
தொட்டுத் தொட்டு எடுத்து,
விட்டுப்போன தையலைப் பிடிக்கிற ஊசி மாதிரி.

கெமிஸ்ட் மிருதுளா சொல்வாள்:
வயிற்றுக்குள்ளே வழி போட ஒரு சுரப்பி.
தாடையோரம் அலறுவதற்கு ஒன்று,
நசுக்கினால் மூக்கில் ஏறுமே நெடி,
அதில் பாதி அலறல்தானாம்.
தொண்டைக்குப் பின்னால் இன்னொன்று:
கூட்டத்து வாசத்தையெல்லாம் கலந்து
வாய்க்கு வாய் மாற்றி
எல்லார் மேலும் ஒரே ஷேடு பூசி வைக்க.
"லாட் மாறுச்சுன்னா ரிஜெக்ட்தானுங்க்கா."
எங்கள் பாஷை. சட்டென்று புரிந்தது.

போன மாசம்
ஓலியிக் ஆசிட் டப்பாவை நான் சரியாக மூடவில்லை.
ஒரு சொட்டு, அதிலும் கால்வாசி,
போய்க்கொண்டிருந்த ஒருத்தியின் முதுகில்.

செத்த எறும்பு ரெண்டு நாளில் விடுகிற வாசமாம் அது.
வாசம் வந்தால் பிணம்.
கால் ஆடுகிறதா என்று பார்க்கிற வழக்கமில்லை.

இடுப்பில் கவ்வித் தூக்கினாள் ஒருத்தி.
ஆறு காலும் உதைக்க உதைக்க
ஏசி பைப்புக்குக் கீழே
சருகுச் சருகாய்க் குவிந்த இடத்தில்
போட்டுவிட்டுத் திரும்பினாள்.
பின்னாலேயே இவளும் வந்தாள்.
மறுபடி தூக்கினார்கள்.
மறுபடி வந்தாள்.
மூன்றாம் தடவை நான் சிரித்துவிட்டேன்.

அப்புறம் சிரிப்பு நின்றது.

வரிசை எண் அறுநூற்றிப் பன்னிரண்டு,
மயிலாத்தாள், கணவர் பெயர் ராக்கியப்பன்: இறந்தவர்.
"நான்தானுங்க மயிலாத்தாள்" என்றேன்
பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம்.
"இருக்கலாமுங்க" என்றார், பொய் சொல்லக்கூடாதே,
மரியாதையாகத்தான்.
"ஆனா லிஸ்ட்டுல இப்பிடி இருக்குதுங்களே."
அடுத்த வீதியில் என் பேரிலேயே ஒருத்தி
ஆடியில் போய்ச் சேர்ந்திருந்தாள்.
மாலை வாங்கிக்கொண்டு நானும் போயிருந்தேன்.
அவள் சாவிலிருந்து ஒரு சொட்டு
எப்படியோ என் மேல்.

குவியலுக்குப் பக்கத்தில் எறும்பு
தன்னைத் துடைத்துக்கொண்டிருந்தது.
முன்னங்காலால் உணர்கொம்பை வழித்து,
காலை வாயால் வழித்து,
திரும்பவும் கொம்பு.
மூன்று பேட்ச் கருநீலம் அளந்து முடித்தேன்,
அது இன்னும் துடைத்தது.
ஷிப்ட் மாறும் நேரம் கோட்டுக்கு வந்தது.
எதிரில் வந்தவள் நின்று, தொட்டு,
இன்னொரு தடவை தொட்டாள்.
நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்,
தராசில் எதுவும் இல்லாமலே.

போ, என்று விட்டாள்.

எனக்கு ஆறாம் நம்பர் படிவம்.
ஆதார் ஜெராக்ஸ், போட்டோ,
அரை நாள் லீவு.
பதினெட்டு வயசு முடிந்த பிள்ளைகளோடு
புதிதாகப் பிறந்தவளாய் நின்றேன்.
முன்னால் நின்ற பெண்
மூக்கைச் சுளித்துத் திரும்பினாள்:
"என்ன வாசமுங்க்கா அது?"

சாயம், என்றேன்.
குளிச்சாலும் போகாது கண்ணு.
வரிசை ஒரு அடி நகர்ந்தது.